‘நன்றி: இணையம்’ என்று உங்கள் கட்டுரை அச்சில் வந்தால்: வலைப்பதிவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ் இதழ்களில் எக்கச்சக்கமாக எழுதி, ஒரு ரூபாய்கூடச் சன்மானம் வாங்காத எழுத்தாளர் ஒருவர் உண்டு. பெயர் ‘இணையம்’. கோயில் வரலாறு, சமையல் குறிப்பு, பழைய சென்னைப் படங்கள், சித்த மருத்துவம் என்று அவர் தொடாத துறை இல்லை. கட்டுரை முடியும் இடத்தில் பொடி எழுத்தில் ‘நன்றி: இணையம்’ என்று போட்டுவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று உதவி ஆசிரியர் நினைத்துக்கொள்கிறார். எழுதியவர் தன் வலைப்பதிவில் ஒரு கோபப் பதிவு போடுகிறார், நாற்பது பேர் வந்து ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்கிறார்கள், அடுத்த வாரம் வேறொருவர் கட்டுரை போகிறது.

இந்த உறவு எப்போதும் இப்படி மட்டுமே இருந்ததில்லை. 2004-ல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கிய பிறகு சிதறிக் கிடந்த வலைப்பதிவுகள் ஒரே முகப்பில் தெரிய ஆரம்பித்தன. பிறகு தேன்கூடு, தமிழிஷ் என்று திரட்டிகள் பெருகின. பத்திரிகைக்காரர்களும் அங்கே வந்து மேய்ந்தார்கள். ஆனந்த விகடன் ‘விகடன் வரவேற்பறை’யில் வலைப்பதிவுகளைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியது, ‘வலைபாயுதே’ பக்கத்தில் இணையத்தில் எழுதுகிறவர்களின் ஒற்றை வரிகளை அவரவர் பெயரோடு போட்டது. 2013-ல் தொடங்கிய ‘தி இந்து’ தமிழ் நாளிதழ் ‘இணையகளம்’ என்று தனிப் பகுதியே வைத்தது. பெயரோடு எடுப்பது, பெயரில்லாமல் எடுப்பது என்ற இரண்டு வழக்கமும் ஒரே காலத்தில், சில நேரம் ஒரே இதழின் இரண்டு பக்கங்களில்கூட நடந்தன. உங்கள் எழுத்து எந்தப் பக்கம் விழும் என்பதில் உங்கள் முன்னேற்பாட்டுக்கும் பங்கு உண்டு. கோபத்துக்கு அதில் பங்கு குறைவு.

முதல் படி: பதிவைப் பிரசுரிக்கும் முன்பே செய்ய வேண்டியது

பலருக்கும் தெரியாத ஒரு சட்ட வரியிலிருந்து தொடங்குவோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ல் 52(1)(எம்) என்றொரு உட்பிரிவு இருக்கிறது. நடப்புப் பொருளாதார, அரசியல், சமூக, மத விஷயங்களைப் பற்றிய கட்டுரையை ஒரு நாளிதழோ வார, மாத இதழோ மறுபிரசுரம் செய்தால் அது உரிமை மீறல் ஆகாது. எழுதியவர் அந்த உரிமையைத் தனக்கென்று வெளிப்படையாக ஒதுக்கி வைத்திருந்தால் மட்டும் விலக்கு. பஸ் கட்டண உயர்வைப் பற்றியோ உள்ளாட்சித் தேர்தலைப் பற்றியோ நீங்கள் எழுதி, அடியில் ஒன்றும் போடாமல் விட்டால், எடுத்தவருக்கு இந்த வாசல் திறந்திருக்கிறது. மூடுவதற்கு ஒரு பைசா செலவில்லை. ஒவ்வொரு பதிவின் கீழும் இப்படிப் போடுங்கள்:

“இந்தக் கட்டுரையின் முழு உரிமையும் ஆசிரியருக்கே. நாளிதழ், வார இதழ், மாத இதழ் உள்ளிட்ட எந்தப் பருவ இதழிலும் மறுபிரசுரம் செய்யும் உரிமையை ஆசிரியர் தன்னிடமே வைத்திருக்கிறார். அனுமதிக்கு எழுத வேண்டிய மின்னஞ்சல்: …”

வலைப்பதிவின் அடிப்பட்டையில் ஒரு தடவை போட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. வாட்ஸ்அப்பில் வெட்டி ஒட்டப்படுவது கட்டுரைதான், அடிப்பட்டை அல்ல. கட்டுரையின் உடலிலேயே, கடைசிப் பத்தியாக இருக்கட்டும். மின்னஞ்சல் முகவரியையும் விடாதீர்கள். ‘தொடர்புகொள்ள வழியே இல்லை, அதனால்தான் கேட்கவில்லை’ என்பதுதான் ஆசிரியர் குழுவிடமிருந்து வரும் முதல் பதில்.

கிரியேட்டிவ் காமன்ஸ் (‘இந்த நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம்’ என்று முன்கூட்டியே தரும் பொது அனுமதி) உரிமம் போடுகிறவர்கள் எந்த வகை என்று பார்த்துப் போடுங்கள். ‘பெயர் குறிப்பிட்டால் போதும்’ என்ற வகையைப் போட்டுவிட்டால் எந்த நாளிதழும் உங்கள் பெயரைப் போட்டுக் காசில்லாமல் பயன்படுத்தலாம். கொடுத்த உரிமத்தை அப்புறம் திரும்பப் பெறவும் முடியாது. ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்ற நிபந்தனை உள்ள வகையே வலைப்பதிவருக்குப் பொருந்தும்.

அடுத்தது தேதி. பிளாகரிலும் வேர்ட்பிரஸ்ஸிலும் பதிவின் தேதியை எழுதியவரே பின்தேதிக்கு மாற்ற முடியும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பது இங்கேதான்: “நாங்கள் போட்ட பிறகு எழுதிவிட்டுப் பழைய தேதி போட்டுக்கொண்டார்.” எனவே உங்கள் கையில் இல்லாத ஒரு கடிகாரம் வேண்டும். பதிவு வெளியான அன்றே வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களைத் தேதியோடு சேமித்து வைக்கும் காப்பகத் தளம்) ‘இந்தப் பக்கத்தைச் சேமி’ என்ற பெட்டியில் முகவரியை ஒட்டிச் சேமியுங்கள். ஒரு நிமிட வேலை. பதிவு முழுவதையும் உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வைப்பது இரண்டாவது கடிகாரம். வாசகர் பின்னூட்டங்களின் தேதியும் துணை நிற்கும். கூகுள் தேடலில் முன்பு இருந்த ‘கேஷ்’ பிரதியை (கூகுள் தானாகச் சேமித்து வைத்த பக்க நகல்) நம்பிப் பயனில்லை, 2024-ல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

படங்களுக்கு, கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள். வலையில் ஏற்றுவது சிறிதாக்கிய பிரதியாக இருக்கட்டும், நீளப் பக்கம் 1200 பிக்சல் போதும். பெரிய அளவுக் கோப்பு யாரிடம் இருக்கிறதோ அவரே எடுத்தவர் என்று காட்டுவது எளிது. வலது கிளிக்கை முடக்கும் நிரலைப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. திருடுகிறவருக்கு அது பத்து விநாடித் தடை. உண்மையான வாசகருக்கோ ஒரு சொல்லை நகலெடுத்து அகராதியில் பார்க்கக்கூட வழியில்லாமல் போகும்.

புனைபெயரில் எழுதுகிறவர்களுக்கும் பதிப்புரிமை உண்டு. ஆனால் ‘அந்தப் புனைபெயர் நான்தான்’ என்று ஒருநாள் நிரூபிக்க வேண்டிவரும். வலைப்பதிவுக் கணக்கின் மீட்பு மின்னஞ்சல் உயிரோடு இருக்கிறதா, கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். அப்போதே முழு வலைப்பதிவையும் காப்புப் பிரதி எடுங்கள். பிளாகரில் அமைப்புகள் பகுதியிலேயே அந்த வசதி இருக்கிறது, ஒரே கோப்பாக இறங்கும்.

இரண்டாம் படி: எடுத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பது

தமிழில் இது ஆங்கிலத்தைவிடச் சிரமம். பல இதழ்களின் மின்பதிப்பு வெறும் படமாக இருக்கும், தேடுபொறிக்கு எழுத்து தெரியாது. எழுத்தாக இருந்தாலும் உதவி ஆசிரியர் ஒற்றெழுத்தைச் சேர்த்திருப்பார், எடுத்திருப்பார், நீங்கள் பிரித்து எழுதியதைச் சேர்த்திருப்பார். முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. நான்கைந்து சொல் போதும். அதிலும் ஊர்ப்பெயரோ ஆளின் பெயரோ ஒரு எண்ணோ சேர்ந்த துண்டாகப் பாருங்கள். ‘1876 பஞ்சத்தின்போது வெட்டிய ஊருணி’ என்பது மாதிரி. நீங்கள் மட்டும் பயன்படுத்தும் வட்டாரச் சொல், உங்கள் எழுத்துப்பிழை இரண்டும் நல்ல தூண்டில். சிலர் வேண்டுமென்றே ஒரு பொய்த் தகவலைப் பொறியாக வைக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள், திருடன் சிக்குவதற்கு முன் வாசகர் சிக்குவார்.

மிக முக்கியமான ஐந்தாறு பதிவுகளின் துண்டுகளுக்குக் கூகுள் அலர்ட் வைத்துவிடுங்கள், அந்தச் சொற்கள் இணையத்தில் புதிதாகத் தென்பட்டால் மின்னஞ்சல் வரும். அச்சுப் பக்கத்தை யாராவது படமெடுத்து அனுப்பினால், அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும். தமிழுக்கு ஓரளவு நன்றாகவே வேலை செய்யும், ஒப்பிடுவதற்குப் போதும். தொலைக்காட்சிகளும் யூடியூப் சேனல்களும் கட்டுரையை அப்படியே பின்னணிக் குரலாக வாசிப்பதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அங்கே வாசகர்களின் காதுதான் உங்களுக்குத் துணை.

மூன்றாம் படி: முதல் 24 மணி நேரம்

ஃபேஸ்புக்கில் எழுதாதீர்கள். இன்னும் எழுதாதீர்கள். நீங்கள் பொங்கிய பத்தாவது நிமிடத்தில் இணையதளத்திலிருந்து கட்டுரை காணாமல் போகும், கையில் ஒன்றும் இருக்காது. முதலில் சேகரியுங்கள்.

அச்சிதழ் என்றால் இரண்டு பிரதிகள் வாங்குங்கள். ஒன்று கோப்புக்கு, ஒன்று புகாரோடு இணைக்க. எந்தப் பதிப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள்; மதுரைப் பதிப்பில் வந்தது சென்னைப் பதிப்பில் இல்லாமல் இருக்கலாம், ‘அப்படி ஒரு கட்டுரையே வரவில்லை’ என்று நல்ல நம்பிக்கையோடே பதில் வரும். தேதி, பதிப்பு, பக்க எண், இணைப்பிதழின் பெயர் நான்கும் வேண்டும். இணையதளம் என்றால் முகவரிப் பட்டையும் நேரமும் தெரியும்படி முழுப் பக்கத் திரைப்பிடிப்பு எடுங்கள், அந்தப் பக்கத்தையும் வேபேக் மெஷினில் சேமியுங்கள். யூடியூப் என்றால் எந்த நிமிடம் எந்த விநாடியில் தொடங்கி எதுவரை என்று எழுதுங்கள்.

பிறகு இரண்டு பத்தி அட்டவணை. இடப்பக்கம் உங்கள் வாக்கியம், வலப்பக்கம் அவர்கள் வாக்கியம். ஒன்றாக இருக்கும் இடங்களுக்கு வண்ணம் பூசுங்கள். மேலே ஒரு வரி: ‘மொத்தம் 42 வாக்கியத்தில் 31 அப்படியே, 6 சிறு மாற்றத்தோடு.’ ஆசிரியர் மேசையில் இந்த ஒரு தாள் செய்யும் வேலையை ஆயிரம் ட்வீட் செய்யாது.

அட்டவணை போடும்போதே இன்னொன்றும் தெளிவாகும்: உண்மையிலேயே திருட்டுதானா? தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை, கருத்துக்கும் இல்லை. சொல்லிய விதத்துக்குத்தான். நீங்கள் ஆறு மாதம் அலைந்து கண்டுபிடித்த கல்வெட்டுத் தேதியை அவர்கள் தங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதினால் அது ஒழுக்கக் குறைவு, சட்ட மீறல் அல்ல. சமையல் குறிப்பில் ‘உளுந்து 1 கப், மிளகு 1 தேக்கரண்டி’ என்ற பட்டியலுக்கு உரிமை கோருவது கடினம், செய்முறையை நீங்கள் எழுதிய நடைக்குக் கோரலாம். விமர்சனம் செய்யவோ நடப்புச் செய்தி சொல்லவோ உங்களை நியாயமான அளவு மேற்கோள் காட்டுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. ‘இத்தனை சொல் வரை எடுக்கலாம்’ என்று சுற்றிவரும் கணக்கு எதுவும் சட்டத்தில் கிடையாது. ‘நன்றி’ போட்டுவிட்டால் அனுமதி வாங்கியதாக ஆகும் என்பதும் அப்படியே.

விவகாரம் நீதிமன்றம் வரை போகும் என்று தோன்றினால், மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கிறது. அதன் சான்றிதழ்ப் படிவத்தில் கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பைக் குறிக்க வேண்டும். கோப்பின் கைரேகை போன்ற எண் அது, கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும். திரைப்பிடிப்பு எடுத்த அன்றே எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் அந்த மதிப்பைக் கணக்கிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கோப்பைத் திறந்து வெட்டுவது, வட்டம் போடுவது எல்லாம் பிரதியில் மட்டும்.

நான்காம் படி: ஆசிரியருக்குக் கடிதம்

யாருக்கு எழுதுவது? கட்டுரையில் பெயர் போட்டவருக்கு அல்ல. ஒவ்வொரு செய்தித்தாளிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களும் முகவரியும் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில். ஆசிரியர்தான் பொறுப்பு. மின்னஞ்சலும் தபாலும் இரண்டும் போகட்டும். தபாலில் பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும் வகையில் அனுப்புங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மாதிரி:

“ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் நாளிதழின் … பதிப்பில், … தேதி, … பக்கத்தில் ‘…’ என்ற தலைப்பில் வெளியான கட்டுரை, என் வலைப்பதிவில் … தேதியில் நான் எழுதிய ‘…’ என்ற பதிவிலிருந்து எடுக்கப்பட்டது. ஒப்பீட்டு அட்டவணை, அச்சுப் பக்கத்தின் நகல், என் பதிவின் காப்பகப் பிரதி இணைத்துள்ளேன். மறுபிரசுரத்துக்கு நான் அனுமதி அளிக்கவில்லை. எனவே, அடுத்த இதழில் என் பெயருடன் திருத்தக் குறிப்பும், இணையப் பதிப்பில் என் பெயரும் மூலப் பதிவின் சுட்டியும், தங்கள் வழக்கமான சன்மானமும் வேண்டுகிறேன். 7 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.”

இவ்வளவுதான். ‘தமிழ் இதழியலின் வீழ்ச்சி’ பற்றிய உங்கள் கருத்துக்கு இங்கே இடமில்லை. ‘இவ்வளவு லட்சம் தராவிட்டால் போலீஸுக்குப் போவேன்’ என்ற வகை வரியும் வேண்டாம். அது மிரட்டிப் பணம் கேட்பதாகத் திருப்பப்படும். பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவே ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக வழக்குப் போட எதிராளிக்கு இடம் தருகிறது.

பதில் எப்படி வரும் என்பதையும் முன்கூட்டித் தெரிந்துகொள்ளுங்கள். அடிக்கடி வருவது ‘ஒரு வாசகர் அனுப்பினார், நாங்கள் நம்பிப் போட்டோம்’. துணுக்கு, கவிதை, கோலம், சமையல் பக்கங்களில் பெரும்பாலும் உண்மையும் இதுவே. உங்கள் எழுத்தை யாரோ தன் பெயரில் அனுப்பிச் சன்மானமும் வாங்கியிருப்பார். அங்கே இதழும் ஏமாந்த தரப்புதான். திருத்தக் குறிப்பைக் கேளுங்கள், அந்தச் சன்மானத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இன்னொரு பதில் அப்பட்டமான மௌனம். அதற்குத்தான் அந்த 7 நாள். வாசகர் குறைகளைக் கவனிக்கத் தனி ஆசிரியர் வைத்திருக்கும் நிறுவனம் என்றால் அவருக்கும் ஒரு பிரதி போகட்டும்; தி இந்து 2006 முதல் அப்படி ஒரு பொறுப்பை வைத்தது.

ஐந்தாம் படி: மௌனத்துக்குப் பிறகு

அச்சிதழ் என்றால் இந்தியப் பத்திரிகை மன்றம். இடம் புதுதில்லி லோதி சாலை, சூச்னா பவன். பிறர் எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதை மன்றத்தின் நடத்தை நெறிகள் நேரடியாகவே குற்றம் சொல்கின்றன. காலக்கெடுதான் இங்கே பலரைக் கவிழ்க்கிறது. நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான நாளிலிருந்து 2 மாதம், மற்றவற்றுக்கு 4 மாதம். ஆசிரியருக்கு முதலில் எழுதியதன் நகல், அச்சுப் பக்கம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி இவை சேர வேண்டும். மன்றம் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது, உங்களுக்குப் பணம் வாங்கித் தரவும் முடியாது. ஆனாலும் கண்டனம் பதிவேட்டில் நிற்கும். தொலைக்காட்சி இந்த மன்றத்தின் எல்லைக்குள் வராது.

யூடியூப், இணையதளம் என்றால் காரியம் வேகம். யூடியூபின் பதிப்புரிமைப் படிவத்தை நிரப்பினால் காணொளி நீக்கப்படும், சேனலுக்கு ஒரு ‘ஸ்ட்ரைக்’, அதாவது எச்சரிக்கைக் குறி, விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போகும் என்பதால், கடிதத்துக்குப் பதில் சொல்லாதவர்கள் இதற்கு ஓடிவருவார்கள். அவர்கள் எதிர்மனு போட்டால் 10 வேலை நாட்களுக்குள் நீங்கள் சட்ட நடவடிக்கை எடுத்ததற்கான சான்றைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் காணொளி திரும்ப வரும். அந்த உறுதி இல்லாமல் படிவத்தைத் தொடாதீர்கள்.

நீதிமன்றம் கடைசி. உங்களுக்குச் சாதகமான செய்தி, பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பதிப்புரிமையைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 63-ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. ஆனால் ஒரு சமையல் குறிப்புக்காக யாரும் சிறைக்குப் போகப்போவதில்லை. வக்கீல் நோட்டீஸ் கட்டத்திலேயே பேசி முடிப்பதுதான் செலவுக்குக் கட்டுப்படியாகும்.

இலங்கையில் எழுதுகிறவர்களுக்கு அடிப்படை 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பத்திரிகைகளின் மீதான முறைப்பாட்டுக்கு அங்கே பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் எந்த நாட்டு இதழ் எடுத்ததோ அந்த நாட்டு நடைமுறையைப் பார்க்க வேண்டும்.

நிருபர் அழைத்தால்

உறவின் மறுபக்கம் இது. வெள்ளம், தேர்தல், ஜல்லிக்கட்டு என்று ஏதாவது நடந்தால் நிருபருக்கு அன்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு மேற்கோள் வேண்டும். உங்கள் எண் யாரிடமோ கிடைத்திருக்கும். பேச ஆரம்பிக்கும் முன் கேளுங்கள்: எந்த நிறுவனம், எந்தப் பகுதி, எப்போது வரும், பெயர் போடுவார்களா, என் பதிவை மேற்கோள் காட்டினால் சுட்டி கொடுப்பார்களா. ‘இது வெளியே வேண்டாம்’ என்பதைப் பேசுவதற்கு முன் சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் பேச வேண்டும். பேசி முடித்துவிட்டுச் சொன்னால் அது செல்லாது. முழுச் செய்தியையும் முன்னதாகக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், காட்டமாட்டார்கள். ‘நான் சொன்ன வரிகளை மட்டும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்’ என்றால் பெரும்பாலானவர்கள் காட்டுவார்கள். எண்களையும் பெயர்களையும் பேசிய உடனே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். தொலைபேசியில் சொன்ன 15 காகிதத்தில் 50 ஆவது அன்றாடம் நடப்பது.

படத்தை நீங்களே அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் உங்கள் ஃபேஸ்புக்கிலிருந்து எடுப்பார்கள், அதில் நீங்கள் யாருடைய கல்யாணத்திலோ நின்றுகொண்டிருப்பீர்கள்.

தொலைக்காட்சி விவாதம் என்றால் தலைப்பு, மற்ற விருந்தினர்கள், நேரலையா பதிவா, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். நால்வர் உட்கார்ந்து, நெறியாளரும் பேசி, விளம்பரமும் போனால் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். மூன்று வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள், கேள்வி எதுவானாலும் அந்த மூன்றும் வெளியே வர வேண்டும். பெயருக்குக் கீழே என்ன போடுவது என்பதையும் எழுதிக் கொடுங்கள். கொடுக்காதவர் எல்லோரும் நம் தொலைக்காட்சியில் ‘சமூக ஆர்வலர்’தான்.

கட்டுரை கேட்டால்

வலைப்பதிவில் படித்துவிட்டு ‘இதையே எங்களுக்கு எழுதித் தாருங்கள்’ என்று அழைப்பு வரும். மகிழ்ச்சியில் சரி சொல்லிவிட்டு உரிமையைப் பற்றிப் பேசாமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஏற்கெனவே வலைப்பதிவில் வந்தது என்றால் முதல் மின்னஞ்சலிலேயே சொல்லுங்கள். மறைத்துக் கொடுத்தால் அந்தக் கதவு நிரந்தரமாக மூடும். பிறகு இந்த வரியை எழுதி, ‘சரி’ என்ற பதிலை வாங்குங்கள்: “ஒருமுறை அச்சிலும் உங்கள் இணையதளத்திலும் வெளியிட அனுமதிக்கிறேன். 30 நாட்களுக்குப் பிறகு என் வலைப்பதிவில் வெளியிடுவேன். நூலாக்கம், ஒலி, காணொளி, மொழிபெயர்ப்பு உரிமைகள் என்னிடமே.”

உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது 19-ஆம் பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று அதே பிரிவு எடுத்துக்கொள்கிறது. எனவே வாய்ப்பேச்சில் முழு உரிமையும் போய்விட்டதாகப் பயப்பட வேண்டாம். நீட்டப்படும் படிவத்தில் ‘எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக, உலகெங்கும்’ என்று இருந்தால் பயப்படுங்கள். உரிமையைக் கொடுத்த பிறகும், இது என் எழுத்து என்று சொல்லும் உரிமையும் அதைச் சிதைத்து என் பெயருக்குக் களங்கம் வரச் செய்யாதே என்று தடுக்கும் உரிமையும் 57-ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும்.

நடைமுறைக்கு வந்தால்: யூனிகோடில் அனுப்புங்கள், பக்க வடிவமைப்பில் அவர்கள் வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ போன்றவை உடையும் என்பதால் பி.டி.எஃப். பிரதியும் கூட இருக்கட்டும். இடம் போதாவிட்டால் கடைசியிலிருந்துதான் வெட்டுவார்கள். வலைப்பதிவில் முத்தாய்ப்பாக வைக்கும் தகவலை அச்சுக்கு முதல் மூன்று பத்திக்குள் கொண்டுவந்துவிடுங்கள். தலைப்பு உங்கள் கையில் இல்லை, அது உதவி ஆசிரியரின் சொத்து.

ஊடகத்தை நீங்கள் விமர்சிக்கும்போது

வலைப்பதிவுச் சமூகத்தின் பெரிய வலிமை இதுவே, பெரிய ஆபத்தும் இதுவே. 2004 செப்டம்பரில் அமெரிக்காவில், அதிபர் புஷ்ஷின் ராணுவச் சேவை பற்றி சி.பி.எஸ். தொலைக்காட்சி காட்டிய 1970-களின் ஆவணங்களை வலைப்பதிவர்கள் கேள்விக்கு உள்ளாக்கினார்கள். அதே வரிகளை 2004-ல் புழக்கத்தில் இருந்த மைக்ரோசாஃப்ட் வேர்டில் தட்டி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார் ஒருவர். யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை. இரண்டு வாரத்துக்குள் சி.பி.எஸ். அந்த ஆவணங்களின் உண்மைத்தன்மையை நிரூபிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டது. 2013-ல் பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு இணையக் கூட்டம் துப்பறியப் போய் அப்பாவிகளைக் குற்றவாளி ஆக்கியதும் அதே நாட்டில்தான். முன்னதில் சோதனை இருந்தது, பின்னதில் ஊகம் மட்டும்.

இந்தியாவில் நோட்டீஸ் வேகமாக வரும். ஊடக விமர்சனத்துக்கென்றே நடந்த ‘மீடியாஹ்’ வலைப்பதிவு 2005-ல் டைம்ஸ் குழுமத்தின் சட்ட நோட்டீஸுக்குப் பிறகு மூடப்பட்டது. மும்பைத் தாக்குதல் பற்றிய செய்தி ஒளிபரப்பை விமர்சித்த பதிவொன்று, 2009-ல் என்.டி.டி.வி. நோட்டீஸ் அனுப்பிய பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. 2015 மார்ச் 24-ல் இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, எனவே அந்தப் பிரிவைச் சொல்லி யாராவது மிரட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. அவதூறு மட்டும் அப்படியே இருக்கிறது, இப்போது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 356-ஆம் பிரிவாக, 2 ஆண்டு வரை சிறையோடு.

ஆகவே செயலை எழுதுங்கள், நோக்கத்தை எழுதாதீர்கள். ‘இந்தச் செய்தியில் உள்ள எண் தவறு, அரசாணையில் இருப்பது இது’ என்பது நிற்கும். ‘காசு வாங்கிக்கொண்டு எழுதினார்’ என்பதற்கு ரசீது இல்லாமல் நிற்க முடியாது. பொது ஆவணங்களை அடிப்படையாக வைத்து எழுதுவதற்குப் பாதுகாப்பு உண்டு. நக்கீரன் இதழும் ஆட்டோ சங்கரின் சுயசரிதையும் சம்பந்தப்பட்ட 1994-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதைத் தெளிவாகச் சொல்கிறது. அரசு எண்கள் தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள், 30 நாள் கெடு. பதிவு போடும் முன் அந்த நிறுவனத்துக்கு மூன்று கேள்வி அனுப்பி 48 மணி நேரம் கொடுங்கள், பதில் வந்தால் முழுதாகச் சேருங்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டால், அது நீதிமன்ற உத்தரவு அல்ல. பயந்து உடனே அழிக்காதீர்கள், வீம்புக்கு அதை ஸ்கேன் செய்து பொதுவில் போடவும் வேண்டாம். முதலில் காப்புப் பிரதி, பிறகு வக்கீல், நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் பதில். உங்கள் பக்கம் தவறு இருந்தால் அதே பதிவின் மேலே தேதியோடு திருத்தம் போடுங்கள். ஓசைப்படாமல் வரியை மாற்றுவதுதான் பின்னால் மாட்டிவிடும்.

கூட்டாகச் செய்வது

தனி ஆளின் கடிதம் மேசையடியில் போகலாம், பத்துப் பேர் சேர்ந்த குழுவின் கடிதம் அவ்வளவு சுலபமாகப் போகாது. திரட்டிகளின் காலத்தில் ஒரு கண்டனப் பதிவு முகப்பில் தானாகவே மேலே நிற்கும். இப்போது அது இல்லை, நாம்தான் ஒழுங்கு செய்ய வேண்டும். மூன்று பேர் போதும்: ஆதாரம் சேர்ப்பவர், கடிதம் எழுதுபவர், கெடுவைக் கவனிப்பவர். ஆதாரமெல்லாம் ஒரே ஒரு பதிவில் இருக்கட்டும், மற்றவர்கள் அதற்குச் சுட்டி மட்டும் கொடுக்கட்டும். ஆளுக்கொரு பதிவு போட்டால் ஆளுக்கொரு தவறு நுழையும், எதிர்த்தரப்பு அந்தத் தவறைப் பிடித்துக்கொள்ளும். கட்டுரையில் பெயர் வந்த நிருபரின் சொந்தக் கணக்கில் போய் நூறு பேர் மொய்ப்பதைக் கண்டிப்பாகத் தடுங்கள். அவர் பக்கத்தை நிரப்பச் சொன்னவர் வேறு ஆளாக இருப்பார்.

நம் வீட்டு அழுக்கையும் பார்க்க வேண்டும். வார இதழை வந்த அன்றே பி.டி.எஃப். ஆக்கி டெலிகிராமில் போடும் குழுவில் இருந்துகொண்டு ‘நன்றி: இணையம்’ பற்றிப் புலம்பினால் யார் மதிப்பார்கள்? இரண்டு மூன்று வாக்கியம் மேற்கோள், இதழ் பெயர், தேதி, சுட்டி என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இலவச டிக்கெட்டில் பார்த்த படத்துக்கும், அனுப்பி வைத்த செல்போனுக்கும் விமர்சனம் எழுதினால் முதல் வரியிலேயே சொல்லுங்கள். இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றத்தின் 2021 நெறிமுறை இதைக் கேட்கிறது. ‘பெய்டு நியூஸ்’ என்று ஊடகத்தைத் திட்டுகிறவர்கள் தங்கள் ஸ்பான்சரை மறைப்பது ஊடகக்காரர்களுக்கு நல்ல தீனி.

குழுவுக்கு ஒரு பொது விரிதாள் வையுங்கள். பத்திகள்: மூலப் பதிவின் சுட்டி, வெளியான தேதி, காப்பகச் சுட்டி, எடுத்த இதழ், பதிப்பு, பக்கம், கண்டுபிடித்த நாள், கடிதம் அனுப்பிய நாள், 7-ஆம் நாள், பத்திரிகை மன்றக் கெடு, முடிவு. கெடு நாட்களுக்குச் சிவப்பு நிறம். முடிந்துபோன வழக்கையும் அழிக்க வேண்டாம். ஒரே இணைப்பிதழ் மூன்றாம் முறையாகச் சிக்கும்போது முந்தைய இரண்டு வரிசைகளையும் கடிதத்தோடு இணைப்பீர்கள், பதில் வரும் வேகமே வேறாக இருக்கும். உரிமை மீறல் வழக்குக்குக் காலவரம்பு 3 ஆண்டு என்பதால் மூலக் கோப்புகளையும் அச்சுப் பிரதிகளையும் அதுவரையாவது, வெயில் படாத இடத்தில், பிளாஸ்டிக் உறையில் வைத்திருங்கள். செய்தித்தாள் காகிதம் ஆறு மாதத்தில் மஞ்சளாகும், வாங்கிய அன்றே ஒரு வண்ண நகல் எடுத்துவிடுவது நல்லது.